கை பார்க்கும் திங்கட்கிழமை

சிஸ்டர், ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் முடியாது. ஆறாம் வகுப்பில் விடுப்புக் கடிதத்தையே இரண்டு பக்கம் எழுதி உங்களிடம் திட்டு வாங்கியவள் நான். "காய்ச்சல்னு ஒரு வார்த்தை போதும் அக்சீலியா, காய்ச்சல் எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றீர்கள். இந்தத் தடவை எப்படி வந்தது என்றுதான் கேட்கிறீர்கள். அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

என் மகள் ரோஷ்னியின் கையில் இருக்கிற மரு, அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த கௌசிகாவிடமிருந்துதான் தொற்றியது என்று நான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அதை, எது எந்தத் தேதியில் வந்தது என்பதோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்கிறீர்கள். கௌசிகாவின் அம்மா சண்முகக்கனி, அந்தக் காகிதம் கைக்கு வந்தால்தான் டி.சி. வாங்குவேன் என்று நிற்கிறார்களாம். திங்கட்கிழமை வருகிறார்களாம். சிஸ்டர், இரண்டாம் வகுப்புப் பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போவதற்கு நானா காரணம்? நான் பெஞ்சை மாற்றுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தை மாற்றச் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஐந்து வருடம் உங்கள் பள்ளியில் கை பார்க்கும் தலைவியாக இருந்தேன். திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் கைக்குட்டையை விரித்து அதன்மேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைப்பார்கள். நான் அடி ஸ்கேலோடு வரிசையாக வருவேன். நகத்தில் கறுப்பு இருந்தால் ஸ்கேலால் தொடுவேன். அடித்ததே இல்லை, தொடுவேன், அவ்வளவுதான். அதற்கே சிலர் அழுவார்கள். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகிறது. அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் கையில் மரு என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் அழுக்கு கிடையாது. துண்டு கொதிநீரில் போட்டுத்தான் துவைப்பேன். ரோஷ்னி பள்ளி விட்டு வந்ததும் நேராகக் குளியலறைதான். அவள் அப்பா ஜெரால்டு ஈஸ்டர் விடுப்புக்குக் கப்பலிலிருந்து வந்தபோது குதிகால் தேய்க்கிற கல் ஒன்று கொண்டுவந்தார். எரிமலைக் கல்லாம். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். என் வலது உள்ளங்காலில் இரண்டு வருடமாக ஆணி. நின்று நின்றே சமைக்கிறேன் அல்லவா? வெந்நீரில் காலை ஊறவைத்து அந்தக் கல்லால் நன்றாகத் தேய்த்தால் இரண்டு நாளைக்கு வலி இருக்காது. பிறகு அதே கல்லால் ரோஷ்னியின் விரலிடுக்கு, முழங்கை எல்லாம் தேய்த்துவிடுவேன். பென்சில் கரி, ஸ்கெட்ச் மை எதுவும் நிற்காது. அவளும் சந்தோஷமாகக் கை நீட்டுவாள், ஏனென்றால் தேய்த்து முடித்ததும் அந்தக் கல்தான் வாளியில் அவளுக்கு அப்பா கப்பல். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கம் சுத்தத்தில் குறை கிடையாது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்படி இருந்தும் வந்தது. வலது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டிக் கடுகளவு ஒன்று. தேய்த்தேன், போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு வாரத்தில் கடுகு மிளகானது. பக்கத்தில் இன்னொன்று. ஆகஸ்டு கடைசியில் மூன்று, செப்டம்பரில் ஏழு, அக்டோபரில் பதினொன்று. பள்ளி விட்டு வந்ததும் கையை விரிக்கச் சொல்லி எண்ணுவேன். செல்போனில் தேடினால் என்னென்னவோ படம் வருகிறது, ஒரு ஆளுக்குக் கையே மரப்பட்டை மாதிரி. இது உடம்பெல்லாம் பரவிவிட்டால்? முகத்துக்கு வந்துவிட்டால்? ஜெரால்டு கடல் நடுவில். நான் யாரிடம் கேட்பேன்?

போனில் அவரிடம் அழுதால் சிரிக்கிறார். "ஏட்டி, ஒரு மருவுக்கா இந்தக் கூப்பாடு? எங்க கேப்டனுக்கு மூக்கு நுனியிலேயே ஒண்ணு உக்காந்திருக்கு. அந்த மனுஷன் கப்பலே ஓட்டுதாரு."

"உங்க கேப்டன யாரும் கும்மிக்குச் சேர்க்கப் போறதில்ல. எம்பிள்ள ஆண்டு விழாவுல கும்மி அடிக்கணும். யாரு அவ கையில கை தட்டுவா?"

"அப்ப டாக்டர்ட்ட காட்டு."

"காட்டத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். காட்டவில்லை. மருவுக்கு டாக்டரா என்று தோன்றியது. அதைவிட, டாக்டர் 'வீட்டில் சுத்தமாக இருக்கிறீர்களா' என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். உண்மையைச் சொல்கிறேன், அதுதான் பயம்.

அந்தோனியார் கெபியில் ஒரு வெள்ளிக்கிழமை மரு உதிரட்டும் என்று வேண்டி உப்பும் மிளகும் போட்டேன். மாடிவீட்டு டெய்சி அக்கா வந்து, "பிள்ள மொட்ட மாடியில நட்சத்திரம் எண்ணுனாளா? எண்ணுனா மரு வருமே" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பிள்ளை இருட்டினால் தலையையே நிமிர்த்துவதில்லை. இதற்கெல்லாம் மேலே நான் ஒன்று செய்தேன். ரோஷ்னி விரலில் கட்டோடு வந்தபோது கொதித்த பால் கொட்டிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? பால் இல்லை. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தால் மரு உதிரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வைத்தேன். மரு உதிரவில்லை, தோல் வெந்துவிட்டது. பிள்ளை கத்தின கத்தில் தெருவே வந்து நின்றது. உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்பு. விடுப்புக்கு எழுதுகிற கடிதத்தில்கூடப் பொய் இருக்கக் கூடாது என்று நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்.

இந்த நிலைமையில்தான் அக்டோபரில் ஒரு நாள் பள்ளி வாசலில் ரோஷ்னியும் கௌசிகாவும் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். என் கண்தான் கைக்குப் போகுமே. கௌசிகாவின் புறங்கையில் இரண்டு. அரிசி அளவுக்கு, புதுசாக. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. இங்கேதான் இருக்கிறது, இது தெரியாமல் நான் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தேனே என்று. அந்தப் பிள்ளையின் வீட்டில் எல்லாரும் உப்பளத்து வேலை. அம்மாவின் கையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, வெடித்து, உரிந்து, வெள்ளைக் கோடு கோடாக. அந்தக் கையால்தானே பிள்ளைக்குச் சோறு பிசைகிறார்கள்? நான் அப்படி நினைத்ததில் என்ன தப்பு? எந்தத் தாயாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாள்.

அந்த வாரமே கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நாற்பது பெற்றோர்கள் இருந்தார்கள். நான் பெயர் சொல்லவில்லை. "உப்பளத்துப் பிள்ள" என்றுதான் சொன்னேன். வகுப்பில் அப்படி ஒரே பிள்ளைதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நீங்கள் கௌசிகாவைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தீர்கள். கும்மியிலிருந்தும் எடுத்தீர்கள். அது உங்கள் முடிவு சிஸ்டர், நான் கும்மியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் சண்முகக்கனி என்னை மறித்தார்கள். காலில் உப்பு காய்ந்திருந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்திருப்பார்கள்போல.

"ஏக்கா, ஒங்க பிள்ளைக்கு எம்பிள்ள மரு குடுத்துட்டாளாமே? கடன் வாங்குன மாதிரிலா சொல்லியிருக்கிய."

"நான் குடுத்தான்னு சொல்லல. தொத்திருக்கும்னு சொன்னேன்."

"எங்கருந்து? இந்தக் கையப் பாருங்க." இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்கள். "வெடிப்பு இருக்கு, புண்ணு இருக்கு. மரு எங்க இருக்கு, காட்டுங்க. எங்க வீட்டு ஆம்பள கையில காட்டுங்க. நாங்க நாள் பூரா உப்புக்குள்ள கெடக்கோம், உப்புல எந்தக் கிருமி உசுரோட நிக்கும்க்கா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்க பிள்ள கையில இருக்கு, நான் பாத்தேன்."

"இருக்கு. போன மாசம் வரைக்கும் இல்ல. அதான் ஒங்ககிட்ட கேக்கேன், எங்கருந்து வந்துச்சு?"

வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் ஏறிவிட்டேன். கௌசிகா அன்றிலிருந்து பள்ளிக்கு வரவில்லை என்று ரோஷ்னி சொன்னாள். கும்மிக்கு அவளுக்கு ஜோடி இல்லை. வீட்டில் கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கும்மி அடிக்கிறாள். பாட்டு முழுவதும் பாடுகிறாள், திரும்புகிற இடத்தில் திரும்புகிறாள், கை தட்டுகிற இடத்தில் சுவரைத் தட்டுகிறாள். சுவரில் பிசுக்குப் பிடிக்கிறது என்று நேற்று அதற்கும் திட்டினேன்.

சரி, டாக்டர் விஷயம். வெந்த விரல் ஆறாமல் நீர் கோத்ததால் நவம்பர் 9 ஆம் தேதி தோல் டாக்டரிடம் போனேன். ஷமீமா என்று பெயர், சின்ன வயது. சுண்ணாம்பு என்றதும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அடுப்புக் கரிய வச்சுத் தேய்க்காம விட்டீங்களே, சந்தோஷம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, திட்டினதோடு நிறுத்தாமல் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்.

"இது அழுக்கால வர்றது இல்லம்மா. வைரஸ். தோல்ல ஊசி முனையளவு கீறல் இருந்தா போதும், உள்ள போய் உக்காந்துக்கும். நீங்க அழுத்தித் தேய்ச்சிருக்கீங்க பாருங்க, ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கதவத் திறந்துவிட்டிருக்கீங்க. அதான் ஒண்ணு பதினொண்ணு ஆயிருக்கு."

"பரவி உடம்பெல்லாம் வந்துடுமா டாக்டர்? கேன்சர் கீன்சர்…"

"இந்தக் கை மருவா? இல்ல. பயப்படாதீங்க. பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷத்துல தானாவே உதிர்றதுகூட உண்டு. இந்தப் புண்ணு முதல்ல ஆறட்டும். அப்புறம் ஒரு மருந்து எழுதித் தர்றேன். வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு, துடைச்சு, மரு மேல மட்டும் வைக்கணும். சுத்தியிருக்கிற நல்ல தோல்ல படாம வாஸ்லின் தடவிக்கோங்க. மூணு மாசம் பொறுமையா வைக்கணும். அதுக்கும் அடங்கலன்னா உறையவச்சு எடுக்கலாம். கடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது. துண்டு தனி. தேய்க்கிற பொருள் எதையும் இன்னொருத்தர் தொடக் கூடாது."

"ஸ்கூலுக்கு அனுப்பலாமா?"

"ஏன் அனுப்பக் கூடாது? பிளாஸ்டர் ஒட்டிவிடுங்க. ஆடட்டும், பாடட்டும், யார் கையில வேணும்னாலும் கை தட்டட்டும்."

பிறகு ரோஷ்னியின் கையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நகத்தை ஒட்டி இருந்ததைத் தொட்டு, "இவர்தான் மூத்தவர். மத்ததெல்லாம் இவருக்குத் தம்பி தங்கச்சி" என்றார். ரோஷ்னி சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தாள். "தொட்ட மறுநாளே வந்துடாது பாப்பா. ரெண்டு மாசம், மூணு மாசம், சில சமயம் ஆறு மாசம் ஒளிஞ்சிருந்துட்டுத்தான் வெளிய வருவார். வீட்ல வேற யாருக்காவது கையில, கால்ல இருக்காம்மா?"

"இல்ல டாக்டர். யாருக்கும் இல்ல. எனக்குக் கால்ல ஆணி மட்டும்தான்."

"காட்டுங்க."

"ஆணிதான் டாக்டர். பிள்ளைக்காகத்தான் வந்தேன்."

"நேரா அமுக்கினா வலிச்சா ஆணி. ரெண்டு பக்கமும் பிடிச்சு நசுக்கினா வலிச்சா மருவா இருக்கலாம். கறுப்புப் புள்ளி தெரியுதான்னும் பாருங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பார்க்கவில்லை. எங்கே நேரம்?

வருகிற வழியில் ஆட்டோவில் ரோஷ்னி கேட்டாள்: "அம்மா, அப்ப கௌசிகாவுக்கு நான்தான் குடுத்தேனா?"

"வாய மூடிட்டு வா" என்றேன்.

இப்போது நீங்கள் கேட்ட தேதிகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் வரிசைப்படுத்தியிருக்கவே மாட்டேன். ரோஷ்னியின் பள்ளி டைரியை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். ஜூலை 22, திங்கட்கிழமை, கை பார்த்த பக்கத்தில் உங்கள் சிவப்பு மையில் "வலது ஆள்காட்டி விரலில் மரு, கவனிக்கவும்" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அது மரு இல்லை, பென்சில் பிடித்துக் காய்த்துப்போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு நாளும் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் மூத்தது என்கிறார் டாக்டர்.

ஆகஸ்டு 5. "புதிய மாணவி கௌசிகா ரோஷ்னி அருகில் அமர்வாள்" என்று வகுப்பு டீச்சர் எழுதியிருக்கிறார். வேம்பாரிலிருந்து அந்தக் குடும்பம் வந்ததே ஆகஸ்டில்தான்.

ஜூலை முதலில் வருகிறது சிஸ்டர். ஆகஸ்டு பிறகு வருகிறது. இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், மாறவில்லை.

அப்படியென்றால் ஜூலைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அது ஏப்ரல். ஏப்ரலில் ஈஸ்டர். ஈஸ்டரில் வீட்டுக்குள் புதிதாக வந்தது ஒன்றுதான். ஜெரால்டுமேல் பழி போடலாம், கொண்டுவந்தது அவர்தான் என்று எழுதவும் எழுதினேன், அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிடுவீர்கள். கல் சுத்தமாகத்தான் வந்தது. அதை முதலில் தேய்த்தது எந்தக் காலில் என்று எனக்குத்தான் தெரியும்.

பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டுப் பார்த்தேன். நேராக அமுக்கினேன், கொஞ்சம் வலித்தது. இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினேன். உயிர் போய்விட்டது. நடுவில் கறுப்பாக, நான்கைந்து புள்ளி. இரண்டு வருடமாக அதைச் சமையல்கட்டு அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது சிஸ்டர். யார்மேல் என்று தெரியவில்லை. சுத்தமாக இருக்கத்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? சுத்தமாகத்தானே இருந்தேன்? பிள்ளையின் கையை எவ்வளவு ஆசையாகத் தேய்த்துவிட்டிருக்கிறேன். அவள் வாளியில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாளே. ஊர் முழுக்கக் கையைப் பார்த்தவள், என் காலை நானே ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

இதைச் சண்முகக்கனியிடம் நீங்களே பக்குவமாக, என் பெயர் வராமல் சொல்லிவிடுங்கள் என்று எழுத நினைத்தேன். நாற்பது பேர் முன்னால் நான் சொன்னது பக்குவமாக இல்லையே. அதனால் அவர்கள் கேட்ட காகிதத்தைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி ஒரு பக்கம்கூட இல்லை, நான்கே வரி:

"மரு என் காலிலிருந்து என் மகளுக்கும், அவளிடமிருந்துதான் கௌசிகாவுக்கும் வந்திருக்க வேண்டும். கௌசிகாவிடமிருந்து எங்களுக்கு வரவில்லை. கூட்டத்தில் நான் சொன்னது தவறு. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதையே வாசிப்பேன். அக்சீலியா, ரோஷ்னியின் அம்மா."

இதை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். டி.சி.யை மட்டும் கொடுக்காதீர்கள். அதற்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டே இருங்கள், நான் வந்துவிடுகிறேன். கௌசிகா கைக்கும் மருந்து டாக்டரிடம் கேட்டு வாங்கி வருகிறேன். அவர்கள் முகத்தில் எறிந்தால் எறியட்டும், கீழே விழுந்ததை எடுத்து மறுபடி கொடுப்பேன். கும்மிக்கு எட்டு ஜோடி என்றீர்கள். ஏழரையாக ஆடவிடாதீர்கள்.

திங்கட்கிழமை கை பார்க்கும்போது ரோஷ்னி பிளாஸ்டரோடு வருவாள். அவளைத் தொடாமல் தாண்டிப் போகிற தலைவி யாராக இருந்தாலும், தயவுசெய்து கையால் தொடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவி அக்சீலியா

பி.கு.: கல்லைக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு காலையில் குப்பை எடுக்க வருகிற அம்மா வெறும் கையால் அள்ளுவார்களே என்று நினைவு வந்து, வெளியே எடுத்தேன். பழைய பாலித்தீன் பைகள் மூன்றில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் "பிரிக்காதீர்கள்" என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியுமா என்று இவ்வளவு நாள் கேட்டதில்லை. வரும்போது வாசலில் நின்று நேரில் சொல்லிவிடுகிறேன்.